போர்வைக்கு வைத்த சந்தனம்

கல்யாண வீட்டில் என் மாமனார் முதல் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதல் பந்தியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்காகவே வந்தவன் என்று நினைத்துக்கொள்வார்களாம். கடைசிப் பந்தியிலும் உட்கார மாட்டார். அதில் உட்கார்ந்தால் கூப்பிட ஆளில்லாமல் நின்றவன் என்று நினைப்பார்களாம். அதனால் நடுப்பந்தி வரும்வரை மண்டப வாசலில், யாருக்கோ காத்திருப்பவர்போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சில கல்யாணங்களில் பந்தியே இரண்டுதான் நடக்கும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "ரசம் எதுனா மிச்சம் கீதாம்மா?" என்று மெதுவாகக் கேட்பார்.

சிலருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதுபோல அவருக்கு வெட்கம் இருந்தது. அதை வைத்துக்கொண்டேதான் சாப்பிட்டார், தூங்கினார், அரசாங்க அலுவலகம் ஒன்றின் ஸ்டோர்ஸ் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வும் பெற்றார். கிழிந்த பனியனைக் கொடியில் தனியாகக் காயப்போட விடமாட்டார். அதன்மேல் நல்ல வேட்டி ஒன்றை விரித்து மறைக்க வேண்டும். வேட்டி காய்ந்துவிடும், பனியன் காயாது. ஈரப் பனியனைப் போட்டுக்கொண்டு தும்முவார். தும்முவதற்கும் உள்ளறைக்குப் போய்விடுவார்.

ரேஷன் அரிசியை ஜவுளிக்கடைப் பையில்தான் வாங்கி வருவார். ஒரு தடவை பாரம் தாங்காமல் பையின் காது அறுந்து, அரிசி நடுத்தெருவில் கொட்டிவிட்டது. யாராவது பார்த்தார்களா என்பதுகூட அவருக்குத் தெரியாது. அதன்பிறகு வெகு நாள் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போனார். வெயிலில் அவ்வளவு தூரம் சுற்றுவதை நான் கேலி செய்தால், "நாலு பேரு பாத்தா இன்னாம்மா நெனைப்பாங்க" என்பார். அந்த நாலு பேர் யார் என்று நான் வாழ வந்த நாளிலிருந்து தேடிப் பார்த்திருக்கிறேன். பால்காரரில்லை, எதிர் வீட்டு ஆட்டோக்காரரில்லை, பூக்காரியில்லை. அவர்களுக்கெல்லாம் அவரவர் பாட்டைப் பார்க்கவே நேரம் போதவில்லை.

நான் வேடந்தாங்கல் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் ஏரியும் வயலும்தான். கல்யாணமாகிப் புதுப்பட்டினம் வந்தபிறகுதான் கடல் காற்று என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தேன். வாசல் கேட், ஜன்னல் கம்பி, ஃபேன் இறக்கை, டப்பா மூடி, என் தலையில் குத்தும் ஹேர்பின் வரை எல்லாவற்றிலும் துரு ஏறும். ஊரில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இவர் ஒருவர்தான், வீட்டில் யாரோ செய்த தப்பு வெளியே தெரிந்துவிட்டதுபோல அதை நினைத்தார்.

அவரிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. வெளிர் நீலம், கியர் வண்டி, தகர உடம்பு. என்னைப் பெண் கேட்டு வைத்திருந்த சமயம், மாப்பிள்ளை வீடு பார்க்க என் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்போது அந்த ஸ்கூட்டர் வாசலில் போர்வை போர்த்தி நின்றதாம். அப்பா பேச்சுவாக்கில் அதன்மேல் கையை ஊன்ற, போர்வை சரிந்து, மட்கார்டில் இருந்த துரு தெரிந்துவிட்டது. இவர் பதறி ஓடிவந்து போர்வையை இழுத்து மூடிவிட்டு, "அது ஒண்ணுமில்லீங்க, உப்புக் காத்து" என்றாராம். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் அப்பா அம்மாவிடம், "இவ்ளோ வெக்கப்படற மனுஷன் நம்மகிட்ட எதையும் வாய்விட்டுக் கேக்கமாட்டாரு, பொண்ண குடுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா கணக்கு தப்பவில்லை. அவர் எதையும் கேட்கவில்லை. என்னை ஒரு நாளும் ஒரு சொல் கடிந்து பேசியதுமில்லை.

அவருக்கு ஒரே மகள், என் கணவருக்குத் தங்கை. மாமியார் அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே போய்விட்டார். அந்த ஸ்கூட்டரில்தான் மகளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அதுவும் விடிந்தும் விடியாமலும், கடற்கரைச் சாலையில், ஆள் நடமாட்டம் வருவதற்குமுன். அவள் விழுந்தால் யாரும் பார்த்துவிடக் கூடாதே. அவள் விழவே இல்லை என்பது வேறு விஷயம். அப்பாவின் வெட்கத்தில் ஒரு பொட்டுகூட அவளிடம் ஒட்டவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குச் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. அங்கே கூட வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். திருக்கழுக்குன்றத்துக்காரர், கிறிஸ்தவக் குடும்பம், நல்ல மனிதர். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் ஊரார் நிலங்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்த ஊரார் நிலங்களில் என் மாமனாருடைய அண்ணன் நிலமும் ஒன்று. அதுதான் பிரச்சினை. சாதி என்ற வார்த்தையை மாமா கடைசிவரை வாயில் எடுக்கவில்லை. "பையன் நல்ல பையன்தான்" என்பார். "ஆனா நாலு பேருக்கு இன்னா பதில் சொல்றது?"

கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்து காலில் விழுந்தாள். அவர் கத்தவில்லை, அடிக்கக் கை ஓங்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எய்ந்துரும்மா, ஜன்னல் தொறந்து கீது" என்றார். அவள் எழுந்து போனவள்தான். பிறகு அந்த வீட்டு வாசல் ஏறவில்லை.

தெருவில் யாராவது மகளைப் பற்றிக் கேட்டால், "பெங்களூர்ல வேலையா கீறா" என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு என் கணவரும் அதையே சொன்னார். நானும் சொன்னேன். சொன்னதோடு விடவில்லை. அங்கே குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஹாஸ்டல் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்று பூக்காரியிடம் சொந்தமாகச் சேர்த்துச் சொன்னேன். பஸ்ஸில் அரை மணி தூரத்தில், திருக்கழுக்குன்றத்தில் இருந்தவளை இப்படிக் கூசாமல் ஊர் கடத்தினோம். இதை ஒருநாள் போனில் அவளிடமே சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

மத்தியான வேளையில், அப்பா தூங்கும் நேரம் பார்த்து என்னைக் கூப்பிடுவாள். எடுத்ததும், "அண்ணி, நைனா சாப்ட்டாரா?" என்பாள். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்.

"ஒரே ஒரு தபா வரச்சொல்லுங்க அண்ணி. எங்ககிட்ட ஒண்ணும் பேச வாணாம். வந்து ஒக்காந்துட்டுப் போனா போதும். இங்க எல்லாரும் கேக்கறாங்க. எத்தினி நாளிக்கி நான் இன்னான்னு சொல்லிகினு இருப்பேன்?"

அதை நான் அவரிடம் சொல்வேன். அவர் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. "போலாம் போலாம்" என்பார். "ஆனா இந்த வண்டிய வெச்சிகினு எப்டிம்மா போறது? துரு புடிச்ச வண்டில போயி எறங்குனா அவங்க வூட்ல இன்னா நெனைப்பாங்க? மொதல்ல தேய்ச்சி பெயின்ட் அடிச்சிர்றேன். ஆயுத பூஜை அன்னிக்கி பூஜை போட்டு, மொத சவாரி அவ வூட்டுக்குத்தான்."

"பஸ்ல போய்ட்டு வரலாமே மாமா."

"சம்பந்தி வூட்டுக்கு பஸ்ல தொங்கிகினு போவ சொல்றியா?" என்றார். அவர் வாயிலிருந்து சம்பந்தி என்ற சொல் வந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. பஸ் பேச்சை அதோடு விட்டுவிட்டேன். அன்றே மகளுக்குப் போன் போட்டு, "ஆயுத பூஜைக்கு வராரு" என்று சொல்லிவிட்டேன். அவள் அவருக்கென்று ஒரு சரிகை வேட்டி எடுத்து வைத்தாள்.

வீட்டின் பின்கட்டில், தென்னைமரத்துக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு சாக்குப் படுதாவைக் கட்டினார். அதற்குப் பின்னால் ஸ்கூட்டரை நிறுத்தி வேலையை ஆரம்பித்தார். முதலில் கம்பி பிரஷ்ஷால் பொருக்கு உதிரத் தேய்ப்பார். பிறகு முரட்டு உப்புத்தாள், அதன்பிறகு மெல்லிய உப்புத்தாள். கை வேலையில் அவருக்கு நல்ல பொறுமை உண்டு. தேய்க்கத் தேய்க்கப் பழுப்பு போய், அடியிலிருந்து தகடு வெள்ளையாக எழும்பும். அப்போது மட்டும் என்னைக் கூப்பிட்டு, "வந்து பாரும்மா, புச்சு மாதிரி கீது" என்று காட்டுவார். அவர் முகம் தெளிந்து நான் பார்த்தது அந்தச் சமயங்களில்தான்.

காட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார். மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விடுவார். இரவெல்லாம் கடல் காற்று அடிக்கும். காலையில் போய்ப் பார்த்தால், வெள்ளையாக இருந்த இடத்தில் மஞ்சள்பொடி தூவியதுபோல மெல்லிய துரு மறுபடி படர்ந்திருக்கும். "திரும்பப் புடிச்சிகிச்சும்மா" என்று சொல்லிவிட்டு உப்புத்தாளை எடுப்பார். அந்தக் குரலில் சலிப்பே இருக்காது. எவ்வளவு பொறுமைசாலி என்று நான் வியந்தேன். ஊரில் யார் வீட்டுக்காவது போனால், எங்கள் மாமாவைப்போல உண்டா என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் தெருவில் சைக்கிளிலிருந்து மீன் லோடு அடிக்கும் வண்டி வரை எல்லாம் குளித்து, மாலை போட்டு, வரிசையாக நின்றன. பூஜைக்கு வண்டியை வெளியே எடுக்காமல் இருந்தால் அது ஒரு பேச்சாகிவிடும். எடுத்தாலோ பாதி வெள்ளையும் பாதி பழுப்புமாக, சொறி பிடித்ததுபோல நிற்கிறது. அவர் யோசித்து ஒரு காரியம் செய்தார். ஸ்கூட்டருக்குத் தலையோடு காலாகப் போர்வையைப் போர்த்தி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஹெட்லைட் புடைத்துக்கொண்டிருந்த இடத்தில் போர்வைக்கு மேலேயே சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்தார். மாலையையும் போர்வைக்கு மேல் போட்டார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை மட்டும் முறைப்படி வைத்தார்.

எதிர் வீட்டு ஆட்டோக்காரர் கற்பூரத் தட்டோடு வந்தவர் அப்படியே நின்றார். "சார், உள்ள வண்டிதான கீது?" என்றார். தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. மாமா போர்வையின் ஓரத்தைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அவர் காதுமடல் சிவந்திருந்ததைப் பார்த்ததும் சிரித்த வாயை நான் முந்தானையால் மூடிக்கொண்டேன். அன்று சாயங்காலம் மகள் போன் செய்தபோது, "பெயின்ட் இன்னும் காயல" என்று சொன்னேன். அவள் "சரி அண்ணி" என்று வைத்துவிட்டாள்.

அதன்பிறகு மழை பிடித்துக்கொண்டது. மழையில் பெயின்ட் அடிக்க முடியாது. மழை விட்டதும் பனி. பனியிலும் அடிக்கக் கூடாதாம். பொங்கல் கழிந்து வெயில் வந்தபோது மறுபடியும் படுதாவுக்குப் பின்னால் கரகரவென்ற சத்தம் கேட்கத் தொடங்கியது. காலையில் திரும்பத் துரு, திரும்ப உப்புத்தாள். தகடு சில இடங்களில் தேய்ந்து, விரலால் அழுத்தினால் உள்வாங்கியது.

அந்தச் சமயத்தில் ஆட்டோக்காரர் வண்டிக்குத் தகுதிச் சான்று, அதுதான் எஃப்.சி., எடுக்கச் செங்கல்பட்டு போக வேண்டியிருந்தது. அதற்காக ஆட்டோவின் அடிப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கவாட்டுக் கொடியில் அவருடைய கிழிந்த பனியனைப் போட்டு, அதன்மேல் வேட்டியை விரித்துக்கொண்டிருந்தேன்.

"போதும் சார். தேய்ச்சாச்சி. நாளிக்கி வந்து ப்ரைமர் அடிச்சிக்கலாம்" என்றார் ஆட்டோக்காரர்.

மாமா சட்டென்று, "அந்த வேலையே வெச்சிக்காத" என்றார். அவ்வளவு உறுதியாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "தேய்ச்ச கையோட தின்னர்ல தொடச்சி ரெட் ஆக்சைடு அடிச்சிடணும். ராத்திரி தாண்டக் கூடாது. இந்த காத்துல வுட்டா காலைல மறுபடியும் புடிச்சிகினு நிக்கும். செஞ்சது பூரா தண்டம். ஸ்டோர்ஸ்ல எத்தினி வருஷம் பாத்துகிறேன் நானு."

ஸ்டோர்ஸில் இத்தனை வருஷம் இருந்தவருக்கு இந்த விஷயம் தெரியாமல் இருந்திருக்கும் என்று நம்பியிருந்தேனே, என் புத்தியை என்ன சொல்வது. அவர் தெரிந்தேதான் விட்டிருக்கிறார். ஒவ்வொரு நாளும் வண்டியை வெள்ளையாக்கி, ஒவ்வொரு இரவும் அதைக் காற்றுக்குக் கொடுத்திருக்கிறார். வண்டி தயாரானால் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். "திரும்பப் புடிச்சிகிச்சும்மா" என்று காலையில் அவர் சொன்னபோது இருந்தது பொறுமையில்லை, நிம்மதி.

எனக்குக் கோபம் வந்தது. அவள் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கும் அந்த வேட்டி கண்ணில் வந்து நின்றது. அன்று சாயங்காலம் அவர் வழக்கம்போலக் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனதும், கடைத்தெருவில் போய் ஒரு சின்ன டப்பா ரெட் ஆக்சைடும் தின்னரும் ஒரு பிரஷ்ஷும் வாங்கி வந்தேன். அவர் காலையிலிருந்து தேய்த்து முடித்திருந்த வண்டி வெள்ளையாக நின்றது. தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தேன். நான் வாசல்கதவுக்குக்கூடப் பெயின்ட் அடித்தவளில்லை. ஒரு பக்கம் கோடு கோடாக விழுந்தது, இன்னொரு பக்கம் வழிந்து சொட்டியது. என் கை, தலைமுடி, துவைக்கிற கல் எல்லாம் செங்கல் நிறமாகிவிட்டது. ஆனால் ஓர் இடம் விடாமல் அடித்தேன்.

அவர் வந்து படுதாவை விலக்கினார்.

"இன்னாம்மா இது?"

"ராத்திரி தாண்டக் கூடாதுன்னு நீங்கதான மாமா சொன்னீங்க."

அவர் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. துவைக்கிற கல்லின் ஓரமாக, பெயின்ட் படாத இடத்தில் மெல்ல உட்கார்ந்தார். "கேட்டுகினு இருந்தியா?" என்றார்.

"துணி காயப்போட்டுகினு இருந்தேன்."

இரவு சாப்பாட்டுக்கு அவர் வெளியே வரவில்லை. தட்டை அவர் அறையில் வைத்துவிட்டு வந்தேன். ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதாகத்தான் சாயங்காலம் நினைத்திருந்தேன். இப்போது, குளித்துக்கொண்டிருப்பவர் அறைக் கதவைத் திறந்துவிட்டவள்போலக் கூசியது. வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றையும் ஒரு துணியால் மூடி வைத்தே காலம் தள்ளிய மனிதரிடம், அதிர்ந்து பேசத் தெரியாதவரிடம், இதைச் செய்திருக்க வேண்டுமா என்று தூக்கம் வராமல் புரண்டேன்.

காலையில் எழுந்து பார்த்தால் அவர் வெள்ளை வேட்டி சட்டையோடு வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வண்டி அடர்ந்த சிவப்பில், கோடும் வழிசலுமாக இருந்தது.

"நீயும் வாம்மா" என்றார் என் முகத்தைப் பார்க்காமல். "தனியா போவ ஒரு மாதிரியா கீது."

மகள்மேல் இருந்த ஆசையால் அவர் கிளம்பினார் என்று சொல்லத்தான் எனக்கு விருப்பம். ஆனால் என்னிடம் பிடிபட்டுவிட்ட வெட்கம் தாங்காமல்தான் கிளம்பினார். எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. வாழைப்பழமும் மிக்சரும் வைத்த பையை எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கவைத்து, பின்சீட்டில் உட்கார்ந்தேன். மாமனார் பின்னால் மருமகள் உட்கார்ந்து போவதை யார் பார்ப்பார்களோ என்று அவர் தலையைக் குனிந்தே ஓட்டினார். எதிரில் வந்த பஸ்காரர் கைகாட்டித் திட்டிவிட்டுப் போனார்.

திருக்கழுக்குன்றத்தில் மகள் தெருவுக்கு அவர் வண்டியை விடவில்லை. குளக்கரையில், மலைக்கோயிலுக்கு வந்தவர்களின் வண்டிகள் நின்ற இடத்தில் நடுவில் சொருகி நிறுத்தினார். அங்கிருந்து நடந்தோம். நான் முன்னால், அவர் என் முதுகுக்குப் பின்னால்.

அவள் வாசலில் துணி உதறிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துவிட்டுத் துணியைக் கையில் வைத்தபடி நின்றாள். உள்ளேயிருந்து அவள் கணவர் வந்து, "வாங்க மாமா" என்றார். மாமா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, மேலதிகாரியிடம் விளக்கம் சொல்வதுபோல மகளிடம் சொன்னார்.

"வண்டிய கொளத்தாண்ட நிறுத்திகிறேன். பெயின்ட் அடிக்கல. வெறும் ரெட் ஆக்சைடுதான் கீது."

அவள் கையை நீட்டினாள். "சாவிய குடு நைனா."

"நான் எடுத்துகினு வரேன்" என்றார் அவள் கணவர். அவள் தலையசைத்து மறுத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பழைய இன்ஜின் சத்தம் தெருமுனையில் கேட்டது. அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். அந்தச் சத்தத்துக்கு வீட்டுக்கு வீடு ஆள் எட்டிப் பார்த்தார்கள். தன் வீட்டு வாசலுக்கு நேராக, தெரு நடுவில், எல்லாரும் பார்க்கும்படி வண்டியை நிறுத்தினாள். உள்ளங்கையெல்லாம் இன்னும் சரியாகக் காயாத சிவப்பு ஒட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் படியிறங்கி வந்து மாமாவை மேலும் கீழும் பார்த்தார். "யாருடி? பெங்களூர்ல பெரிய வேலைல கீறாரு, லீவே கெடைக்கலன்னு சொல்லிகினே இருந்தியே, அந்த நைனாவா?" என்றார்.

நான் போனில் சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்த அதே பெங்களூர். அவள் சீட்டின்மேல் கிடந்த இல்லாத தூசியைத் தட்டினாள். காதுமடல் சிவந்திருந்தது. நான் அந்தச் சிவப்பை அவள் அப்பாவிடம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அவரும் பார்த்தார். படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மகளுக்குப் பக்கத்தில் போய் நின்று, சிவப்பு ஒட்டும் என்று தெரிந்தும் வண்டியின்மேல் கையை வைத்தார். தலை நிமிரவில்லை. ஆனாலும் ஜன்னல்களெல்லாம் திறந்திருந்த அந்தத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"பெங்களூரு இல்லம்மா. இங்கதான், புதுப்பட்டினம். அர மணி நேரத்துல வந்துடலாம்."